மூச்சுத் தசைப் பயிற்சியை நிறுத்திய முடிவைத் திரும்பப் பெறுங்கள்: மாவட்ட மருத்துவ நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கு,

உங்கள் நிர்வாகத்தின் கீழுள்ள அரசுத் தலைமை மருத்துவமனையில், நாட்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்காக வாரம் இருமுறை நடந்துவந்த மூச்சுத் தசைப் பயிற்சி நிறுத்தப்பட்டுவிட்டது. பயிற்சி அளித்துவந்த இயன்முறை மருத்துவர் மாற்றுப்பணியில் வேறிடத்துக்கு அனுப்பப்பட்டார். பயிற்சி நடந்த அறையில் இப்போது உடைந்த கட்டில்களும் பழைய பதிவேட்டு மூட்டைகளும் அடுக்கப்பட்டிருக்கின்றன. நோயாளிகள் பலர் கையெழுத்திட்டுக் கொடுத்த மனுவுக்கு வந்த பதில் இரண்டே வரி: "மூச்சுப் பயிற்சியை நோயாளிகள் தங்கள் இல்லத்திலேயே செய்துகொள்ளலாம். இதற்கெனத் தனிப் பிரிவு தேவையில்லை என முடிவு செய்யப்பட்டுள்ளது." அந்த இரண்டு வரிக்கான மறுமொழியே இம்மடல். ஊரின் பெயரையும் மருத்துவமனையின் பெயரையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். எந்த மருத்துவமனை என்பது உங்களுக்குத் தெரியும். தனியொருவரைக் குறை சொல்வது என் நோக்கமும் அன்று.

நான் நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி பஞ்சுப் பொதியைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோரூமிலும், பஞ்சைச் சீவி இழையாக்கும் கார்டிங்கிலும் கழிந்தது. ஆலையில் தூசி மிகுதியாகப் பறக்கும் பிரிவுகள் அவை. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகிப்போவதும், அடுத்தடுத்த நாள்களில் அந்த இறுக்கம் தணிவதும், ஆண்டுகள் கழியக் கழியத் தணியாமலே அது தங்கிவிடுவதும் பஞ்சுத் தூசி நோயின் இயல்பு என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு நூல் தேவைப்படவில்லை. தொழிற்சங்கக் கிளைக்கு மனு எழுதிக்கொடுத்த பழக்கம் உண்டு என்பதால், உடன் பயிற்சி பெற்றவர்கள் இந்தப் பொறுப்பையும் என்னிடமே விட்டுவிட்டார்கள்.

கோவையில் முதல் நூற்பாலை 1888-இல் எழுந்தது. 1930களில் நீலகிரியிலுள்ள பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் பெருகின. வார்ப்படப் பட்டறைகள், பல்லடம் சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிகள், காங்கேயத்து அரிசி ஆலைகள், பொள்ளாச்சியின் தென்னை நார்த் தொழிற்சாலைகள், கரூர்ப் பக்கத்துக் கல் உடைக்கும் கிரஷர்கள் என்று கொங்கு நாட்டின் பிழைப்பு விரிந்த இடமெல்லாம் ஒவ்வொரு தொழிலும் தனக்கென ஒரு தூசியையும் கொண்டுவந்தது. எங்கள் உழைப்பைப் புகழும் மேடைகளில் இந்தத் தூசியைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. பயிற்சி அறையின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருந்தால் அது உங்களுக்கும் புரிந்திருக்கும். நார் மில்லில் வேலை செய்த அம்மா ஒருவர். கிரஷரில் வேலை பார்த்தவர் ஒருவர். கல்யாண வீடுகளில் விறகடுப்பின் முன் நின்றே வாழ்நாளைக் கழித்த, ஒரு பீடியைக்கூடத் தொட்டறியாத சமையல்கார அம்மா ஒருவர். காசநோய் முழுதாகக் குணமாகிவிட்டது என்று சான்று பெற்றும், தழும்பேறிய நுரையீரலோடு இளைத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர். புறநோயாளிப் பிரிவில் இவர்கள் எல்லோரிடமும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: பீடி, சிகரெட் பழக்கம் உண்டா? என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டவர்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுடன் 2016-ஆம் ஆண்டில் இந்தியாவில் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 5.5 கோடிப் பேர் என்று 2018-இல் லான்செட் குழும இதழொன்றில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. உலக மக்கள்தொகையில் நம் பங்கு 18 விழுக்காடு. நாட்பட்ட சுவாச நோய்களால் உலகம் இழக்கும் நலமான வாழ்நாளில் நம் பங்கு 32 விழுக்காடு என்றும் அதே ஆய்வு கூறியது. அந்தக் கோடிகளுக்குள் எங்கள் மாவட்டத்தின் பங்கு எவ்வளவு என்று எண்ணிப் பார்க்க வேண்டிய இடத்தில் இருப்பவர் நீங்கள்.

இனி, "இல்லத்திலேயே செய்துகொள்ளலாம்" என்ற வரிக்கு வருகிறேன். இந்த வரியை எழுதியவர், மூச்சுப் பயிற்சி என்றால் பூங்காவில் உட்கார்ந்து கண்ணை மூடி மூச்சை இழுத்து விடுவது என்று எண்ணியிருக்க வேண்டும். நாங்கள் பெற்றுவந்தது அது அன்று.

நுரையீரல் தானாக விரிவதில்லை. அதை விரிக்கும் வேலையில் பெரும்பங்கு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே மேல்நோக்கி வளைந்திருக்கும் உதரவிதானம் என்ற தசையுடையது. அடைப்பு நோய் வந்தவரின் நுரையீரலில் உள்ளே போன காற்று முழுதாக வெளியேறாமல் தேங்குகிறது. தேங்கிய காற்றால் ஊதிப்போன நுரையீரல் உதரவிதானத்தைக் கீழே தள்ளித் தட்டையாக்கிவிடுகிறது. வளைவை இழந்த தசை சுருங்கினாலும் இழுவிசை குறைவாகவே கிடைக்கிறது. அதன் வேலையைக் கழுத்துத் தசைகளும் தோள் தசைகளும் ஏற்றுக்கொள்கின்றன. எங்களைப் போன்றவர்கள் முழங்கால்மீது கையை ஊன்றி, தோளைத் தூக்கி உட்கார்ந்திருப்பதன் காரணம் இதுவே. இதனுடன், நடமாட்டம் குறைவதால் வரும் தளர்ச்சியும், சாப்பிடும்போதே இளைப்பதால் ஏற்படும் ஊட்டக்குறையும், ஸ்டீராய்டு மாத்திரைகளை நெடுநாள் எடுத்துக்கொள்வதால் வரும் தசை நலிவும் சேர்ந்துகொள்கின்றன. ஊர்வழக்கில் நாங்கள் பம்பு என்று சொல்லும் இன்ஹேலர் மூச்சுக்குழாயை விரிக்கும். தளர்ந்த தசையை அது வலுப்படுத்தாது. அதற்கென்று ஒரு பயிற்சி வேண்டும்.

அந்தப் பயிற்சி நடந்த முறையையும் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் பதிலில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முதலில் ஒரு சிறிய மானியின் வாய்க்குழலைக் கவ்விக்கொண்டு, முடிந்தமட்டும் வலுவாக மூச்சை இழுக்கச் சொல்வார்கள். அந்த இழுவையின் உச்ச அழுத்தம் சென்டிமீட்டர் நீரழுத்தத்தில் பதிவாகும். அது 60-க்குக் கீழே இருப்பவர்களுக்கு மூச்சிழுக்கும் தசைகள் தெளிவாகவே தளர்ந்திருக்கின்றன என்று கொள்வது ஆய்வாளர் வழக்கம். என் அளவு 48 ஆக இருந்தது. பிறகு, உள்ளே சுருள்வில்லும் வால்வும் கொண்ட, கையடக்கமான ஒரு கருவியைத் தந்து மூக்கில் கிளிப் மாட்டிவிடுவார்கள். குறித்த அழுத்தத்துக்கு இழுத்தால் மட்டுமே அதன் வால்வு திறக்கும். அதற்குக் குறைந்தால் காற்றே வராது. மூச்சை வெளியே விடும்போது தடை ஏதும் இராது. உச்ச அழுத்தத்தில் 30 விழுக்காடு அளவில் சுமையை வைத்துத் தொடங்கி, தாங்கும் திறன் பார்த்துப் படிப்படியாக 50, 60 விழுக்காடு வரை உயர்த்துவார்கள். நாளொன்றுக்கு அரை மணி நேரம், அதையும் இரண்டாகப் பிரித்து, வாரத்தில் ஐந்து நாளுக்குக் குறையாமல், சில மாதங்கள் செய்ய வேண்டும். தசை வலுத்து மானியின் எண் உயர்ந்ததும் சுமையையும் உயர்த்தியாக வேண்டும். உயர்த்தாவிட்டால் பயிற்சி அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

ஆக, அன்றாடப் பயிற்சியை நாங்கள் வீட்டில்தான் செய்துவந்தோம். மருத்துவமனைக்கு வந்தது அளந்து பார்க்கவும், சுமையை மாற்றி வைக்கவும், தவறாகச் செய்வதைத் திருத்திக்கொள்ளவுமே. திருத்துவது சின்ன வேலை அன்று. பலர் வயிற்றை அசைக்காமல் கழுத்தை இறுக்கியே இழுப்பார்கள். சிலர் வேகவேகமாக இழுத்துத் தலைசுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். அண்மையில் நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து நெஞ்சில் குழாய் வைக்கப்பட்டவர், விலா எலும்பு முறிந்தவர், செவிப்பறை கிழிந்தவர், நெஞ்சில் அறுவை முடித்துத் தேறாதவர் ஆகியோருக்கு இந்தப் பயிற்சியைத் தரக்கூடாது. சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று உறுதி செய்த பிறகே பொது அறையில் கருவியைக் கையில் கொடுக்க வேண்டும். இவற்றையெல்லாம் பார்த்துப் பிரிக்கும் அறிவு நோயாளியின் வீட்டுத் திண்ணையில் கிடைக்காது. அதற்காகவே அரசு படித்த ஒருவருக்குச் சம்பளம் தருகிறது.

பயிற்சியை நிறுத்தியபோது எங்கள் ஒவ்வொருவர் கையிலும் மூன்று பந்துகள் கொண்ட பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிப்போகாமல் காக்க, மெதுவாகவும் ஆழமாகவும் மூச்சிழுக்கச் செய்யும் கருவி அது. அந்த வேலைக்கு அது நல்ல கருவிதான். அதில் அளவிட்ட சுமை என்று எதுவும் இல்லை. காற்று எவ்வளவு வேகமாகப் போகிறதோ அதற்கேற்பப் பந்து எழும்பும். நொடிக்கு 600, 900, 1200 கன சென்டிமீட்டர் என்பதே அந்த மூன்று அறைகளின் கணக்கு. சுமை தூக்கிப் பழகுவதற்கும் வெறுங்கையை வீசிப் பழகுவதற்கும் உள்ள வேறுபாடு இந்த இரண்டு கருவிகளுக்கும் உண்டு. அந்தப் பந்துக் கருவியையும் எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டித் தர ஆளில்லாததால், எங்களில் பாதிப் பேர் இழுக்க வேண்டிய குழாயில் ஊதிக்கொண்டிருக்கிறார்கள். பந்து மேலே எழும்பினால் பேரப்பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அந்த மட்டில் வீட்டுக்கு ஒரு பயன் உண்டு.

பயிற்சி எனக்கு என்ன செய்தது என்று கேட்கலாம். நுரையீரலை அது குணப்படுத்தவில்லை. மூச்சளவுச் சோதனைத் தாளில் முதல் நொடியில் வெளிவிடும் காற்றின் அளவு முன்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அது மாறும் என்று எங்கள் இயன்முறை மருத்துவரும் ஒருநாளும் சொன்னதில்லை. மாறியது வேறு. மானியில் 48 ஆக இருந்தது, பயிற்சிக் காலம் முடிந்தபோது 60-ஐத் தாண்டியிருந்தது. குளிக்கும்போது ஒரு போசித் தண்ணீர் ஊற்றியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலை போயிற்று. சட்டையை ஒரே மூச்சில் மாட்ட முடிந்தது. பேசிக்கொண்டே நடக்க முடிந்தது. சென்னிமலை முருகன் கோயிலின் 1320 படிகளையும் ஏற வேண்டும் என்று எங்களில் எவரும் கேட்கவில்லை. பேருந்தின் படியில் ஏறினால் போதும். சமையல்கார அம்மா ஒருநாள், "முன்னெல்லாம் கட்டில்ல ஒக்காந்தே விடிய வெக்கிறதுங்க, இப்ப படுத்துத் தூங்கறனுங்க" என்று அந்த அறையில் சொன்னார். அதைப் பதிவேட்டில் எழுத இடமில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் அனுபவம் மட்டுமே சான்றாகாது என்று நீங்கள் சொல்லலாம், சொல்வதும் முறையே. ஆய்வுகளையும் பார்ப்போம். 2011-இல் ஐரோப்பிய சுவாச இதழில் கோசெலிங்க் என்ற பெல்ஜிய ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட தொகுப்பாய்வு, இப்பயிற்சியால் மூச்சிழுக்கும் தசைகளின் வலிமையும் தாக்குப்பிடிக்கும் திறனும் நடைத் திறனும் உயர்கின்றன, இளைப்பு குறைகிறது என்று காட்டியது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட மீளாய்வு இன்னும் கவனமாகப் பேசுகிறது. நடைப்பயிற்சியும் உடற்பயிற்சியும் கொண்ட முழுமையான நுரையீரல் மறுவாழ்வுச் சிகிச்சையைப் பெறுபவருக்கு அதன் மேல் இந்தத் தசைப் பயிற்சியைச் சேர்ப்பதால் இளைப்பிலோ நடையிலோ கூடுதல் பயன் பெரிதாக இல்லை. மறுவாழ்வுச் சிகிச்சை இல்லாதபோது இதைத் தனியாகச் செய்தால் பயன் உண்டு என்பது அதன் சாரம். முதல் பாதியை மட்டும் படித்த எவரேனும் உங்களிடம் "இது தேவையில்லை" என்று குறிப்பெழுதியிருக்கக் கூடும் என்பது என் ஊகம். அப்படியானால் அவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, அந்த முழுமையான மறுவாழ்வுச் சிகிச்சை நம் மருத்துவமனையில் எந்த அறையில் நடக்கிறது என்பதே. அது இங்கே நடந்ததில்லை. எனவே காக்ரேன் மீளாய்வின் இரண்டாம் பாதிக்கு உரியவர்கள் நாங்கள். எங்களிடம் இருந்தது இந்த ஒன்றே, அதையும் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். பயிற்சியை விட்டால், பெற்ற வலிமை நாளடைவில் கரைந்துபோகும் என்பதும் ஆய்வுகளில் பதிவானதே. என் எண் இன்று எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. மானி பூட்டிய அலமாரிக்குள் இருக்கிறது.

நுரையீரல் நோய்க்குத் தனி இடமும் நெடுநாள் கவனிப்பும் வேண்டும் என்பது இந்த வட்டாரத்துக்குப் புதிய கருத்தும் அன்று. மருந்து அரிதாக இருந்த காலத்திலேயே பெருந்துறையில் காசநோயாளிகளைத் தங்கவைத்துக் கவனிக்கும் ஒரு சானடோரியத்தை நடத்திய மண் இது. மத்திய அரசும் 2023-இல் தொற்றா நோய்த் திட்டத்தின் எல்லையை விரிவாக்கியபோது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயையும் ஆஸ்துமாவையும் அதில் சேர்த்தது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுத்தால் பதிவேடு நிரம்பும். எங்கள் நோய்க்கு மாத்திரையும் பம்பும் மட்டும் போதாது என்பதால் அது பதிவேட்டின் கட்டங்களுக்குள் எளிதில் அடங்குவதில்லை. இதைப் புரிந்துகொள்வது மருத்துவம் படித்த நிர்வாகிக்கு அரிதாக இருக்காது.

எனவே நாங்கள் கேட்பவை இவை. மாற்றுப்பணிக்கு அனுப்பப்பட்ட இயன்முறை மருத்துவரைத் திரும்ப அழையுங்கள்; அது இயலாதெனில், இப்பயிற்சியில் தேர்ந்த வேறொருவரை அதே பணியிடத்தில் அமர்த்துங்கள். வாரம் இரண்டு நாள் மூச்சுத் தசைப் பயிற்சி நடக்கும் என்பதைப் புறநோயாளிப் பிரிவின் பலகையில் தமிழில் எழுதி வையுங்கள். அறையைக் காலி செய்வது ஒரு நாள் வேலை. கட்டில்களை ஏலம் விட ஒரு கையெழுத்து போதும்.

மானியை அலமாரியிலிருந்து எடுத்து, பழைய நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் மறுபடி அளவெடுத்து, அதற்கேற்பச் சுமையைப் புதிதாகக் குறிக்க ஆணையிடுங்கள். ஆறு நிமிட நடைச் சோதனையையும் இதனுடன் சேர்த்துக்கொள்ளலாம்; அதற்கு முப்பது மீட்டர் நீளத் தாழ்வாரமும் ஒரு கடிகாரமும் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியும் போதும், மூன்றும் மருத்துவமனையில் இருக்கின்றன. அங்கே தொடங்கி முழுமையான மறுவாழ்வுச் சிகிச்சையை அமைப்பதே இறுதி நோக்கமாக இருக்கட்டும். அது வரும்வரை இருப்பதைப் பறிக்காதீர்கள்.

சுமை வைத்த பயிற்சிக் கருவியின் விலை வெளியே சில ஆயிரம் ரூபாய். எங்களில் பெரும்பாலோர் மகன், மகள் வருமானத்தில் வாழ்பவர்கள். எங்களையே வாங்கச் சொல்வது, பயிற்சியே வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியாக இக்கருவியைக் கொள்முதல் செய்யுமாறு அரசுக்கு நீங்கள் முன்மொழிவு அனுப்ப வேண்டும். ஒருவர் வாய் வைத்த கருவியை மற்றவர் பயன்படுத்தக் கூடாது என்பதால், ஆளுக்கொன்றாக, கையெழுத்துப் பெற்றுக்கொண்டே கொடுங்கள். மூன்று பந்துக் கருவியை இதற்கு மாற்றாகத் தருவதை நிறுத்துங்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை ஏற்கெனவே வீடு தேடிச் செல்கிறது. அந்த ஊழியர்களுக்கு இப்பயிற்சியில் சில நாள் வகுப்பு எடுத்தால், பேருந்தில் ஏறவே இயலாத நோயாளிகளின் சுமையை வீட்டிலேயே மாற்றி வைக்கலாம். "இல்லத்திலேயே செய்துகொள்ளலாம்" என்ற உங்கள் வரி அப்போது நிறைவேறும்.

நுரையீரல் நோயாளிக்கு எழுதும் சீட்டில், அவர் என்ன வேலை, எத்தனை ஆண்டு பார்த்தார் என்பதற்கும், பெண்களாயின் விறகடுப்புப் புகையில் எத்தனை காலம் இருந்தார் என்பதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். பஞ்சுத் தூசி நோயும், கல் தூசியால் வரும் சிலிக்கோசிசும் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இடம்பெற்ற நோய்கள். அவற்றைக் கண்டறியும் மருத்துவர் தொழிற்சாலை ஆய்வுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் விதித்திருந்தது. வேலையைக் கேட்காத மருத்துவமனையிலிருந்து அப்படி ஒரு தகவல் போக வழியே இல்லை. இப்பயிற்சிக்கு எத்தனை பேர் வருவார்கள் என்ற கணக்கும் அந்த ஒரு வரியிலிருந்தே உங்களுக்குக் கிடைக்கும்.

இம்மடலுக்கு 30 நாள்களுக்குள் எழுத்து வடிவில் பதில் தாருங்கள். ஒவ்வொரு கோரிக்கையும் ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா என்று தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். மறுப்பதாயின், நுரையீரல் மருத்துவரோ இயன்முறை மருத்துவரோ எழுதிய எந்தக் கருத்துரையின் அடிப்படையில் மறுக்கிறீர்கள் என்பதையும், அக்கருத்துரையின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பயிற்சி பெற்றுவந்த நோயாளிகள் சார்பில்,
ஓய்வுபெற்ற நூற்பாலைத் தொழிலாளி ஒருவர்

நகல்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்